பூங்கா ஏரியில் செடி நட்டும் நீர் தெளியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோலாலம்பூரில் ஏரிப் பூங்காவுக்குப் பஞ்சமில்லை. தித்திவங்சா, கெப்போங் மெட்ரோபொலிட்டன், செராஸ் பெர்மாய்சூரி, பெர்டானா தாவரவியல் பூங்கா என்று எந்தப் பக்கம் போனாலும் நடைபாதையும் நீர்ப்பரப்பும் இருக்கின்றன. பஞ்சம் தெளிந்த நீருக்குத்தான். நஹ்ரிம் எனப்படும் தேசிய நீரியல் ஆய்வுக் கழகம் 2005இல் நாடு முழுவதும் 90 ஏரிகளின் நிலையைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்து, பாசிக்கு விருந்து வைக்கும் நிலையில் இருந்தன.

இதற்கு மருந்தாக நீர்த்தாவரங்களை நடும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். கோலாலம்பூருக்குத் தெற்கே புத்ராஜெயாவில் 1997-98இல் அமைத்த சதுப்புநிலம் 24 பகுதிகளாகப் பிரிந்து, கோரையும் நாணலுமாக நின்று, ஏரிக்குள் போகும் நீரை வடிகட்டி அனுப்புகிறது. ஆனால் அங்கே செடிகள் ஏரியின் வாசலில் நிற்கின்றன. நம் குடியிருப்புப் பூங்காக்களில் செடிகள் படம் எடுக்க வசதியான இடத்தில் நிற்கின்றன. பாதிப் பிழைகள் அங்கேயே பிறந்துவிடுகின்றன. மீதிப் பாதி, நட்ட செடியை யாரும் வெட்டி வெளியே எடுக்காததால் வருபவை.

குடியிருப்பாளர் சங்கங்கள், பள்ளிச் சுற்றுச்சூழல் கழகங்கள், பூங்காப் பராமரிப்புக் குத்தகை எடுத்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் ஏரியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எதற்கும் முன்பு

பொது ஏரியில் அனுமதி இல்லாமல் ஒரு செடிகூட நடக்கூடாது. பூங்கா மாநகர் மன்றத்தின் பொறுப்பில் இருக்கலாம். வெள்ளநீர் தேக்கும் குளமாக இருந்தால் வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸையும் கேட்க வேண்டியிருக்கும். கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீரில் இறங்குபவர்கள் முழங்கால் வரை ரப்பர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். எலி நடமாடும் நகரக் குளங்களில் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்மையானது. காலில் சிறு கீறல் இருந்தால்கூட அன்று கரையில் நின்று வேலை பார்ப்பதே சரி. இடி கேட்டால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு மேல் இந்த ஊரில் வேலை வைப்பதே தவறு.

கருவிகள் எளியவை. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை மூடி ஒன்றில் கல்லும் அளவு குறித்த கயிறும் கட்டுங்கள். நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு நீண்ட குச்சி, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் அம்மோனியா, பாஸ்பேட், பிஎச் (அமில-காரத் தன்மை) சோதனைப் பெட்டிகள், முடிந்தால் கரைந்த ஆக்சிஜன் அளக்கும் பெட்டி. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: மலேசிய நீர்த்தர வரையறையில் மக்கள் உடல் படும்படி புழங்கும் நீருக்கான வகுப்பு இரண்டாம் 'பி'. அதில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 முதல் 7 மில்லிகிராம், அம்மோனியா நைட்ரஜன் 0.3 மில்லிகிராம், பிஎச் 6 முதல் 9.

கடைசியாக, மழை பெய்து பத்து நிமிடத்துக்குள் ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து, எந்தக் குழாய், எந்தக் கால்வாய் வழியாக என்ன நிறத்தில் நீர் வருகிறது என்று பாருங்கள். வெயிலில் ஒரு மாதம் உற்றுப் பார்த்தாலும் தெரியாதது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சாலையிலும் சந்தையிலும் தங்கிய அழுக்கை முதல் மழைநீர்தான் அள்ளிக்கொண்டு வருகிறது. உணவங்காடியின் பாத்திரம் கழுவும் நீர் மழைநீர்க் கால்வாயில் இறங்குவதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

அறிகுறி: நீர் பச்சையாக இருக்கிறது, ஓரத்தில் பெயிண்ட் கொட்டியதுபோல் படிகிறது

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. குச்சியை விட்டுத் தூக்குங்கள். நீண்ட நூல்களாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது இழைப்பாசி. அசிங்கமாக இருக்குமே தவிர ஆபத்தில்லை. வாரிக் கொட்டலாம். குச்சியில் ஒட்டியவை கடுகளவு இலைகளாக இருந்தால் அது பாசியே இல்லை, மிதக்கும் சிறு செடி. அதுவும் அப்படியே. வலை போட்டு அள்ளுவது எளிது, அள்ள அள்ள ஏரிக்கு நன்மை.

குச்சியில் எதுவும் சுற்றாமல் பச்சைப் பூச்சு மட்டும் படிந்தால் ஜாடியை எடுங்கள். நீரை மொண்டு, மூடி, அசையாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை அடியில் இறங்கியிருந்தால், அல்லது நீர் முழுக்க ஒரே சீராக நின்றால், சாதாரணப் பச்சைப்பாசி. பச்சை முழுவதும் மேலே ஏறி விரல் தடிமனுக்கு ஒரு பட்டையாக நின்று, கீழே நீர் ஏறக்குறைய தெளிந்திருந்தால், அது நீலப்பசும்பாசி. அதன் உடலில் காற்றுக் குமிழிகள் இருப்பதால் மிதக்கிறது. இதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. நாயை அந்தக் கரைக்கு விடாதீர்கள், குழந்தைகளைக் கைவைக்க விடாதீர்கள். செய்தி பூங்கா நிர்வாகத்துக்கு அன்றே போக வேண்டும்.

நீலப்பசும்பாசி என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் தாமிர சல்பேட் தெளிக்கலாம் என்பார். வேண்டாம். செத்த பாசி வெடித்து உள்ளே இருந்த நஞ்சை ஒரே நாளில் நீரில் விடும். அழுகும்போது ஆக்சிஜனையும் குடித்துவிடும். மறுநாள் மீன்கள் மிதக்கும்.

செய்ய வேண்டியது வேறு. காற்று பாசியை எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் காலையிலேயே அதை வடித்து எடுங்கள். அது உடனடி வேலை. நிலையான வேலை நீர் நுழையும் வாயில் இருக்கிறது. செடிகள் ஏரி நடுவில் தீவாக நின்றால் அவற்றை நுழைவாய்க்கு மாற்றுங்கள். அங்கே கோரை வகைகளை நெருக்கமாக நடுங்கள். மலாய்க்காரர்கள் மெண்டெரோங் என்னும் முரட்டுக் கோரையும், பாய் முடையப் பயன்படும் கெர்ச்சுட் கோரையும் இந்த மண்ணுக்கே உரியவை. தண்டுகளுக்கு இடையே நீர் மெதுவாக ஊரும்போது மண் படியும். வேரிலும் தண்டிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், சேற்றில் காற்றில்லாத இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நைட்ரஜனுக்கு இப்படி ஒரு வெளிவாசல் இருக்கிறது. பாஸ்பரசுக்கு அது கிடையாது. ஒன்று சேற்றில் படிய வேண்டும், அல்லது செடியோடு சேர்ந்து நம் கையால் வெளியேற வேண்டும்.

பிற்பகல் 2 மணிக்குப் பிஎச் அளந்து பாருங்கள். பாசி மிகுந்த ஏரியில் 9ஐத் தாண்டும். அப்போது அம்மோனியா அளவு மாறாமலேயே நஞ்சு கூடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 9 ஆனால் ஏறக்குறைய பாதி அந்த வடிவுக்கு மாறிவிடும். காலையில் எடுத்த அம்மோனியா எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரொட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். வார இறுதியில் குடும்பம் குடும்பமாக வந்து மீன்களுக்கு ரொட்டி போடுகிறார்கள். ஒரு முதியவரிடம் போய், "ஐயா, வேண்டாமே" என்றால், "வாயில்லா ஜீவனுக்குப் போடுவது புண்ணியம், தம்பி" என்பார். அவரோடு வாதாடிப் பயனில்லை. "ஐயா, பாதியை இன்றைக்குப் போடுங்கள், மீதியை அடுத்த வாரம் போடலாம்" என்றால் பெரும்பாலும் கேட்கிறார்கள். தடை என்று பலகை வைத்த இடங்களில் ரொட்டி இருட்டிய பிறகு விழுகிறது.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன

இது ஆக்சிஜன் குறைவு. 30 டிகிரி நீர் முழுதும் நிறைந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். குளிர்நாட்டு ஏரிகளுக்கு இருக்கும் கையிருப்பு நமக்கு இல்லை. இரவில் பாசியும் செடியும் மீனும் சேறும் எல்லாம் மூச்சு விடும், யாரும் ஆக்சிஜன் உண்டாக்குவதில்லை. சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தைத் தொடும். எனவே நண்பகலில் அளந்து 8 என்று எழுதிக்கொண்டு போவதில் பொருளில்லை. காலை 6.30 மணிக்கு அளக்க வேண்டும்.

எந்த மீன் தவிக்கிறது என்று பாருங்கள். திலாப்பியா வாய் திறந்து நிற்க, விராலும் கெளுத்தியும் கவலையில்லாமல் திரிந்தால், ஆக்சிஜன் குறைவு உறுதி. அவை காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. விராலும் சேர்ந்து செத்தால், அல்லது நட்ட நடு வெயிலில் மீன் செத்தால், அது வேறு கதை. யாரோ ஏதோ கொட்டியிருக்கிறார்கள். நீரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக் குளிரில் வைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். செடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆக்சிஜன் குறைவு தினமும் வருகிறதா, மழைக்கு மறுநாள் மட்டும் வருகிறதா? தினமும் என்றால் மேற்பரப்பைப் பாருங்கள். ஆகாயத்தாமரையோ தாமரை இலையோ அல்லியோ பாதிக்கு மேல் மூடியிருக்கிறதா? செடி இருந்தால் ஆக்சிஜன் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நீருக்கு மேல் இலை விரிக்கும் செடி ஆக்சிஜனைக் காற்றில்தான் விடுகிறது. நீருக்கு அது தருவது நிழலும், காற்று படாத தடையும், உதிர்ந்த இலையும். நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி போன்றவைதான் பகலில் நீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். அவையும் இரவில் எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் மூடல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைப்பது என் வழக்கம். தாண்டினால் பட்டை பட்டையாக, இடைவெளி விட்டு வெட்டி எடுக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதும் வெட்டி அங்கேயே மூழ்க விட்டால், காப்பாற்ற நினைத்த மீன்களை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

மழைக்கு மறுநாள் மட்டும் என்றால் காரணம் ஆழத்தில் இருக்கலாம். பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களில் உருவான ஏரிகளில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த, ஆக்சிஜனே இல்லாத நீரும் அடுக்காக நிற்கும். கனமழையின் குளிர்ந்த நீர் கீழே இறங்கும்போது அடிநீர் புரண்டு மேலே வரும். கூடவே கால்வாய் அழுக்கும் வந்து சேரும். இதைச் செடியால் தடுக்க முடியாது. காற்றூட்டும் கருவிதான் வழி. அதையும் ஆழத்தில் வைத்து ஒரேயடியாக முடுக்கினால் நீங்களே அடிநீரைப் புரட்டியவர் ஆவீர்கள். முதல் சில நாள்கள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மெல்லக் கூட்டுங்கள்.

இருக்கும் நீரூற்றை எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். மாலையில் வண்ண விளக்கோடு பீய்ச்சி அடித்துவிட்டு, மக்கள் வீடு திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள். மீனுக்குத் தேவைப்படும் நேரம் தொடங்குவதே அப்போதுதான். நேரம் காட்டும் சுவிட்சை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான சிகிச்சை அதுதான்.

அறிகுறி: நட்ட நாற்று காணாமல் போகிறது

மீதமிருக்கும் அடிக்கட்டையை எடுத்துப் பாருங்கள். திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறான்.

நீர் மட்டத்துக்குக் கீழே தண்டு கடித்து அறுத்ததாக இருந்தால், சுற்றுமுற்றும் தண்டுகளிலும் சிமெண்ட் கரையிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து இருக்கிறதா என்று தேடுங்கள். நீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு விரல் நீளத்தில், நூற்றுக்கணக்கான சிறு மணிகள் ஒட்டி, வெயிலில் சற்றே வெளிறி நிற்கும். அது சிப்புட் கொண்டாங் எனப்படும் தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெல் வயல்களைத் தின்று பெயரெடுத்தது. இரவில் மேயும். இளந்தண்டு என்றால் அதற்கு உயிர். முட்டையில் நரம்பைத் தாக்கும் புரதம் இருப்பதால் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறையோடு சுரண்டி ஒரு வாளியில் போட்டு நசுக்குங்கள். இரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாவது சுற்றி வர வேண்டும். நாற்றாக நடாமல், முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து தண்டு முற்றிய கோரையாக நடுங்கள். முரட்டுத் தண்டை நத்தை விட்டுவிட்டு வேறிடம் பார்க்கும். நச்சு மருந்து தூவுவது வயலில்கூடச் சிக்கலான காரியம், பூங்கா ஏரியில் பேச்சுக்கே இடமில்லை.

தண்டு அறுபடாமல் வேரோடு பிடுங்கி மிதந்தால் மீன். அடியில் வட்ட வட்டமாகக் குழி தெரிந்தால் திலாப்பியா கூடு கட்டுகிறது. கெண்டை இனங்கள் சேற்றைக் கிளறி உண்ணும்போது செடியையும் சாய்த்துவிடும். வேர் பிடிக்கும் வரை நாற்றைச் சுற்றி வலைக்கூண்டு வேண்டும். தென்னை நார்ப் பாயில் வேர்விட்ட செடியைப் பாயோடு முளையடித்து நிறுத்துவது இன்னும் நல்லது. கரையில் மண் சரிந்து பொந்து பொந்தாக இருந்தால் அது பண்டாராயா மீனின் வேலை. மீன்தொட்டியில் கண்ணாடி சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்டவர்கள் பலர். பிடித்தால் திரும்ப விடாதீர்கள்.

தண்டு முழுதாக இருந்து, மஞ்சளாகி, வழவழப்பாக அழுகியிருந்தால் மூழ்கிச் செத்திருக்கிறது. இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது, ஆனால் பழி நத்தைமேல் விழுகிறது. கோரை நாற்றுக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் நீர் போதும். இலை நுனி எப்போதும் காற்றில் இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் வேருக்கு மூச்சுப் போகிறது. வெள்ளநீர்க் குளத்தில் ஒரு மாலை மழையில் நீர் ஆள் உயரம் ஏறினாலும் வியப்பதற்கில்லை. இரண்டு மூன்று நாள் இறங்காமல் நின்றால் நாற்றுக் கதை முடிந்தது. சுரங்கப் பள்ள ஏரிகளில் சிக்கல் வேறு மாதிரி. கரையிலிருந்து ஓர் அடி வைத்தால் இடுப்பளவு ஆழம், நடுவதற்குப் படித்திட்டே இருக்காது. அங்கே கல் அடுக்கி, மண் நிரப்பி, ஓரமாக ஒரு திட்டு எழுப்பாமல் கோரை நடுவது பணத்தை நீரில் போடுவது.

நீர்மட்டம் நம் கையில் இல்லாத குளத்துக்கு மிதவைத் தோட்டமே பொருத்தம். நீர் ஏறினால் அதுவும் ஏறும். வெட்டிவேர், கல்வாழை, குடைக்கோரை ஆகியவை மிதவையில் நன்றாக வரும், வேர் நீரில் திரை போலத் தொங்கி நுண்மண்ணைப் பிடிக்கும். நங்கூரக் கயிறு வெள்ள உயரத்துக்கும் போதுமான நீளம் இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய மிதவை முதல் பெருமழையில் ஒரு பக்கமாக மூழ்கிக் கவிழும். வேரின் கீழே வலை போடுங்கள், இல்லையென்றால் யாரோ கொண்டுவந்து விட்ட சிவப்புக் காது ஆமைகள் வேரை மொட்டையடித்துவிடும். நடும் காலம் ஜூன், ஜூலை. மழை ஒப்பீட்டளவில் குறைந்திருக்கும். அக்டோபரில் நடுபவர்கள் நவம்பரில் மறுபடி நடுவார்கள்.

அறிகுறி: நீர் தே தாரேக் நிறத்தில் இருக்கிறது, மூழ்கு செடி வளரவில்லை

வெள்ளை மூடி அரை மீட்டருக்குள் மறைந்துவிட்டால் மூழ்கு செடி நடுவதை நிறுத்துங்கள். வெளிச்சம் இல்லாமல் எது வளரும்? மழைக்குப் பின் மட்டும் கலங்கி, சில நாளில் தெளிந்தால் மேட்டில் எங்கோ கட்டுமான மண் வெட்டப்படுகிறது. கால்வாயைப் பின்தொடர்ந்து போய்ப் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். மழையே இல்லாமல் மாதக்கணக்கில் பால் கலந்ததுபோல் நின்றால் அது ஈயம் அலசிய காலத்தில் தங்கிய நுண்களிமண். தானாகப் படியாது. நுழைவாயில் மிதவைத் தடுப்புக்குள் அடைத்துவைத்த ஆகாயத்தாமரையின் அடர்ந்த வேர்கள் இதில் ஓரளவு பிடிக்கும். முதலில் மிதவை, நீர் தெளிந்த பிறகு மூழ்கு செடி என்ற வரிசையை மாற்றாதீர்கள். மீன்தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து விடவும் வேண்டாம். பகாங்கின் சினி ஏரியைக் கபோம்பா என்னும் மீன்தொட்டிச் செடி எப்படி நிறைத்தது என்பது ஊரறிந்தது.

அறிகுறி: ஒரே செடி ஏரியை விழுங்கிவிட்டது

ஆகாயத்தாமரை நல்ல உணவு கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். அது ஏரியின் பிழை அன்று, ஏரியில் எவ்வளவு உரம் கரைந்திருக்கிறது என்பதற்கான சாட்சி. களைக்கொல்லி அடித்தால் அந்த உரம் முழுவதும் மீண்டும் நீருக்கே போகும். தடுப்புக் கயிற்றுக்குள் அடைத்து, வாரம் ஒரு பங்கு வாரி எடுங்கள். சம்பங்கோரைக்கும் இதே குணம்தான், ஒரு முறை வேரோடினால் மற்றக் கோரைகளுக்கு இடம் விடாது. சிறிய ஏரிக்கு அதைத் தவிர்ப்பது என் கட்சி. தாமரையை அடிப்பகுதி மூடிய தொட்டியில் நட்டு இறக்கினால் ஓடாது.

அறிகுறி: நாற்றம், படலம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் குச்சியால் சேற்றைக் குத்துங்கள். கறுப்புச் சேறும் குமிழியும் வந்தால் உதிர்ந்த இலை அடியில் அழுகுகிறது. வெட்டாமல் விட்ட தாமரைக் காட்டின் அடியில் இது வழக்கம். கழிவறை நாற்றம் நுழைவாயில் மட்டும் இருந்தால் கழிவுநீர்க் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. செடியை விட்டுவிட்டுக் குழாயைத் தேடுங்கள்.

எண்ணெய் போல் மின்னும் படலத்தைக் குச்சியால் கலையுங்கள். துண்டு துண்டாக உடைந்து நின்றால் இரும்பு நுண்ணுயிர், தீங்கில்லை. சுழன்று மீண்டும் ஒட்டிக்கொண்டால் உண்மையான எண்ணெய், மேலே பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். நடுப்பகலில் செங்கல் நிறத்தில் படர்ந்து மாலையில் பச்சையாக மாறும் தூள் படலம் யூக்ளினா என்னும் நுண்ணுயிர். நீரில் ஊட்டச்சத்து அதிகம் என்பதற்கு அது அடையாளம்.

அறிகுறி: கொசு என்று குடியிருப்பாளர்கள் மனுக் கொடுக்கிறார்கள்

டெங்கி பயம் நியாயமானது, ஆனால் ஏடிஸ் மீன் திரியும் ஏரியில் முட்டையிடுவதில்லை. அது தேடுவது சிறு பாத்திரத்தில் தேங்கிய நீர். எனவே மிதவையைத்தான் சோதிக்க வேண்டும். மூங்கில் மிதவையின் வெட்டிய முனைகளில் மழைநீர் தங்கியிருக்கும். அங்கே நெளியும் புழுக்களைக் கைப்பேசி விளக்கில் பார்க்கலாம். முனைகளில் மணலோ சிமெண்டோ நிரப்புங்கள். செடிக்கு நடுவே சிக்கிய நெகிழிக் குவளைகளையும் எடுங்கள்.

மன்சோனியா என்னும் இன்னொரு கொசு இருக்கிறது. அதன் புழு மேலே வராமல், கியாம்பாங் என்னும் மிதக்கும் செடி, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் வேரைக் குத்தி, அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். யானைக்கால் கிருமியைப் பரப்பும் வகைகள் இதில் உண்டு. இதற்கு மருந்துப் புகை உதவாது. செடிக் கூட்டத்தை அடர விடாமல், நடுவே மீன் புகுந்து போகும் இடைவெளி இருக்கும்படி வெட்டுவதே வழி.

அறிகுறி: எல்லாம் பச்சையாக வளர்கிறது, சோதனை எண் மட்டும் இறங்கவில்லை

இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஆகாயத்தாமரையில் 95 விழுக்காடு நீர். ஒரு டன் ஈரச்செடியை வெளியே இழுத்துப் போட்டால் உலர்ந்த எடை 50 கிலோ, அதில் நைட்ரஜன் ஏறத்தாழ ஒரு கிலோ, பாஸ்பரஸ் நூறு, நூற்றைம்பது கிராம். ஒரு மனிதரின் ஓராண்டுக் கழிவில் இருக்கும் நைட்ரஜன் சுமார் 4 கிலோ. ஆக, ஓர் ஆளின் கழிவு ஏரிக்குள் வந்தால், அதைச் செடியால் மட்டும் எடுக்க ஆண்டுக்கு 4 டன் வார வேண்டும். உடைந்த குழாய் ஒன்றின் வழியாக ஓர் அடுக்குமாடிக் கழிவு கசிந்தால் எத்தனை லாரி வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே எண் இறங்காதபோது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கடந்த ஆறு மாதத்தில் எத்தனை கிலோ செடி ஏரியை விட்டு வெளியேறியது? யாரிடமும் பதில் இருக்காது. நடும் நாளில் பதாகையும் தேநீரும் இருக்கும், வெட்டும் நாளுக்கு ஒதுக்கீடே இருக்காது. வெட்டாத செடி முற்றி, உதிர்ந்து, எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். கோரையை ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். நீருக்குக் கீழே வெட்டினால் தண்டு வழியாக நீர் புகுந்து வேர் அழுகும். இரண்டாவது கேள்வி: நுழைவாயில் நீரின் பாஸ்பேட் எண்ணும் வெளிவாயில் எண்ணும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா? ஏரி நடுவில் எடுத்த ஒற்றை எண் எதையும் சொல்லாது. உள்ளே வருவதைவிட வெளியே போவது குறைந்திருந்தால் செடி வேலை செய்கிறது, வரவுதான் அதிகம். வெளியே போவது கூடியிருந்தால் அடிச்சேறு பழைய பாஸ்பரசைக் கக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் அது நடக்கும். காற்றூட்டமோ, தூர்வாரலோ தேவைப்படும். அது சங்கத்தால் ஆகிற வேலை இல்லை, மாநகர் மன்றத்துக்கு எழுத வேண்டியது.

எழுதும்போது "ஏரி நாறுகிறது" என்று எழுதாதீர்கள். எந்தக் கால்வாய், எந்தத் தேதி, மழை எத்தனை மணிக்கு, அம்மோனியா எவ்வளவு, வெட்டி எடுத்த செடி எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அப்படி வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது அதிகாரிக்குக் கடினம்.

வெட்டியதை எங்கே போடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கரையிலேயே குவித்தால் அதன் சாறு மறுநாள் மழையில் ஏரிக்கே திரும்பும். சரிவு ஏரியை விட்டு விலகிப் போகும் பக்கத்தில் ஒரு நாள் வடிய விட்டு, உரக்குழிக்கு அனுப்புங்கள். பழைய சுரங்க மண்ணில் ஆர்செனிக் போன்றவை இருக்கக்கூடும் என்பதால் அந்த உரம் பூச்செடிக்கு மட்டும். ஏரியோரம் தானாகப் படரும் கங்கோங் கீரையைப் பறிக்க வருபவர்களிடமும் சொல்லிவிடுங்கள். உலோகத்தை உறிஞ்சுவதில் அது கெட்டிக்காரக் கீரை, அந்த ஏரியில் நாம் அதை வளர விட்டதே அதற்காகத்தான்.